4.7 ஜிபிக்குள் மாமா

மாமா எடுத்துவைத்த வீட்டு வீடியோக்களை டிஸ்க்கில் போடப்போகிறேன் என்றதும், "இந்தக் காலத்தில் போய் டிவிடியா?" என்று எல்லாரும் கேட்டுவிட்டார்கள். பெங்களூரில் இருக்கும் அத்தை மகன், யூடியூபில் ஏற்றி லிங்க் அனுப்பினால் முடிந்தது வேலை என்றான். அவன் தங்கை நியூஜெர்சியிலிருந்து கூகுள் டிரைவ் என்றாள். யார் பார்க்கப்போகிறார்கள் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. பார்க்கப்போவது அத்தை. திருவிடைமருதூரில் தனியாக இருக்கிறார். போனில் வாட்ஸ்அப் குட்மார்னிங் படங்களைத் தாண்டி எதையும் தொட மாட்டார். ஆனால் டிவிக்குக் கீழே இருக்கிற டிவிடி பிளேயர் அவருக்கு அத்துப்படி. பக்திப் பாட்டு சிடி போடுவது, எடுப்பது, மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைப்பது எல்லாம் அவரே. வட்டமாகத் துடைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரிந்த பல கணினிக்காரர்களுக்கே தெரியாது.

எனக்குக் கும்பகோணத்தில் டிடிபி கடை. பத்திரிகை, பேனர், விசிட்டிங் கார்டு. வீடியோ என் தொழில் இல்லை. ஆனால் மாமா வைத்துவிட்டுப் போன பிஸ்கட் டின் என்னிடம் வந்து சேர்ந்தது. உள்ளே எல்லாம் மினி டிவி (MiniDV) கேசட். இந்த டிவி தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ. 2003 வாக்கில் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வாங்கி வந்து கொடுத்த ஹேண்டிகேமில் மாமா எடுத்தவை. வளைகாப்பு, காதுகுத்து, தைப்பூசத் தேர், 2004 மகாமகம், பேரப்பிள்ளைகள் கூடத்து ஊஞ்சலில் ஆடியது. மேலே ஸ்கெட்ச் பேனாவில் பேர், தேதி எல்லாம் மாமாவே எழுதி வைத்திருக்கிறார். பாதி கேசட்டில் மேலே எழுதியதற்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமில்லை.

மினி டிவி கேசட்டைக் கணினிக்குள் கொண்டுவருவதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஒரு மணி நேரக் கேசட் என்றால் ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். கேமராவின் ஃபயர்வயர் துளையிலிருந்து கணினியின் ஃபயர்வயர் துளைக்கு நேரடியாக ஒரு கேபிள். இப்போதைய லேப்டாப்பில் அந்தத் துளையே இல்லை. கடையில் மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் ஃபயர்வயர் கார்டு ஒன்றைச் செருகினேன். விண்டிவி என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் உண்டு, ரொம்பப் பழசு, ஆனால் வேலையைச் சரியாகச் செய்யும். டேப்பில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் என்பதால் இது படம் பிடிக்கிற வேலை இல்லை, பிரதி எடுக்கிற வேலை. ஒரு பிட்டும் மாறாமல் வரும். ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 13 ஜிபி. மாமா சிக்கனக்காரர், அதனால் சில கேசட்டுகளை எல்பி வேகத்தில், அதாவது 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் பிடிக்கிற மாதிரி எடுத்திருந்தார். எல்பியில் எடுத்ததை எடுத்த கேமராவிலேயே ஓட்டுவது நல்லது. வேறு கேமராவில் போட்டால் திரையெங்கும் சதுரம் சதுரமாகச் சிதறும். நல்லவேளை, அந்த ஹேண்டிகேமையும் அத்தை துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தார்.

எல்லாம் வந்து சேர்ந்தபோது ஹார்டு டிஸ்கில் 200 ஜிபி. போக வேண்டிய இடமோ 4.7 ஜிபி. அந்த 4.7 கூட பெட்டி மேல் அச்சடித்த கணக்கு. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. அதனால் கணினியில் அது 4.38 ஜிபி என்று தெரியும். "4.5 ஜிபிதானே இருக்கு, ஏன் ஏறல?" என்று டிஸ்க்கும் கையுமாகக் கடைக்கு வருபவர்களிடம் இதை எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது.

டிவிடியில் ஒரு நல்ல விஷயம், கணக்கு மிக எளிது. படம் அழகா, அசிங்கமா, உள்ளே தேர் ஓடுகிறதா, தாத்தா தூங்குகிறாரா என்பதெல்லாம் அளவைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை நிமிடம், நொடிக்கு எத்தனை பிட் என்ற இரண்டுதான். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால், டிஸ்க்கின் கொள்ளளவை எட்டால் பெருக்கினால் 3 கோடியே 76 லட்சம் கிலோபிட். ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு 3 கோடியே 60 லட்சம் என்று வைத்துக்கொள்வேன். அதை நொடிகளால் வகுத்தால் போதும். 120 நிமிடம் என்றால் 7200 நொடி, வகுத்தால் 5000 கிலோபிட். 90 நிமிடத்துக்கு 6600 சொச்சம். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் 3300. நான்கு மணி நேரம் என்றால் 2500, அதற்கு மாமாவின் கேமராவைத் தொடாமலே இருந்திருக்கலாம். மறுபக்கம், ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்று 10,000 கொடுக்கவும் முடியாது. டிவிடி விதிப்படி படத்துக்கு மட்டும் உச்சவரம்பு 9800. பழைய பிளேயரும் எழுதுகிற டிஸ்க்கும் சேர்ந்தால் 8000ஐத் தாண்டாமல் இருப்பது உத்தமம், இல்லாவிட்டால் நடுநடுவே திக்கும்.

நான் வைத்திருந்த வரம்பு, ஒரு டிஸ்க்குக்கு 110 நிமிடம். 5400 கிலோபிட் கிடைக்கும், ஒலிக்கு 192 போனால் படத்துக்கு 5200. அதனால் மொத்தத்தையும் இரண்டு டிஸ்க்குக்குள் அடக்கும் அளவுக்கு வெட்ட வேண்டும். இரட்டை அடுக்கு டிஸ்க் என்று 8.5 ஜிபியில் ஒன்று உண்டே என்பீர்கள். விலை அதிகம், கிடைப்பது அரிது, அத்தை வீட்டுப் பிளேயர் அதைப் பார்த்து முகம் சுளிக்க வாய்ப்பு நிறைய. சாதா டிஸ்க் இரண்டு, சண்டையில்லை.

வெட்டுவது என்று உட்கார்ந்தபோதுதான் மாமாவைப் பற்றி ஒன்று புரிந்தது. கேமரா அவர் கையில்தான் எப்போதும். ஆகவே எந்தப் படத்திலும் அவர் இல்லை. யாராவது கேட்டு வாங்கி எடுத்த சில நிமிடங்களைத் தவிர, மணிக்கணக்கான டேப்பில் மாமா என்பது ஒரு குரல் மட்டும். மைக்குக்கு மிகப் பக்கத்தில் இருப்பதால் மற்ற எல்லாரையும்விட சத்தமான குரல். "ம்... சிரி... சிரிடான்னா... அங்க பாரு, காக்கா." அப்புறம் கேமராவை நிறுத்த மறந்துவிடுவார். அது தோளில் தொங்கிக்கொண்டே ஓடும். தரை, வேட்டி ஓரம், செருப்பு, மறுபடி தரை. வீடியோ வேலை தெரிந்த யாரும் முதலில் வெட்டி எறிவது இதைத்தான். நான் ஹெட்போனைக் காதில் மாட்டியபோது, அந்தத் தரைக்கும் செருப்புக்கும் மேலே மாமா தாராசுரம் மார்க்கெட்டில் வாழைத்தாருக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். கடைக்காரர் சொல்கிற விலைக்கு ஒரு "அடேயப்பா", அப்புறம் நாலு அடி நடந்து போகிற மாதிரி நடிப்பு (செருப்பு வேகமாகத் திரும்புகிறது), கடைக்காரர் கூப்பிடுகிறார், செருப்பு திரும்பி வருகிறது.

அத்தை ஒருநாள் கடைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தார். படத்தை எடுத்துவிட்டு மாமாவின் போட்டோ ஒன்றைப் போட்டு, குரலை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டேன். ஆடாத போட்டோவுக்கு பிட் மிச்சம், ஆடுகிற தரைக்கு பிட் தண்டம் என்ற என் கணக்கையும் சொன்னேன்.

"போட்டோதான் மாலை போட்டு மாட்டியிருக்கேப்பா, தெனம் பாக்கறேன். அது அவர் செருப்பு. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

இருக்கட்டும். ஆக, வளைகாப்பில் பந்தி பரிமாறும் காட்சி இருபது நிமிடம் போனது, செருப்பு நான்கு நிமிடம் தங்கியது. வளைகாப்புக்காரி நியூஜெர்சியில் இருக்கிறாள், அவளுக்கு இன்னும் தெரியாது.

ஒரு டிஸ்க்குக்குள் மொத்த அளவு மாறாது, ஆனால் எந்தக் காட்சிக்கு எவ்வளவு என்பதைப் பிரித்துக்கொடுக்க முடியும். டிவிடிக்காக வீடியோவைச் சுருக்கும் எம்பெக்-2 முறையில் முழுப்படம் எப்போதாவது ஒன்றுதான் சேமிக்கப்படுகிறது. இடையில் வருபவை எல்லாம் முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது, எது எங்கே நகர்ந்தது என்ற குறிப்புகள். நம்மூர் டிவி முறையான பால் (PAL) முறையில் அதிகபட்சம் 15 படத்துக்கு ஒரு முழுப்படம் வந்தாக வேண்டும். தாத்தா ஈசிசேரில் பேப்பர் படிக்கும் காட்சியில் மாறுவது கையும் கண்ணாடியும்தான், 2000 கிலோபிட்டே தாராளம். மகாமகம் அப்படி இல்லை. 2004 மார்ச் 6, மகாமகக் குளத்தில் தலைகளைத் தவிர வேறெதுவும் தெரியாத கூட்டம். எல்லாரும் தண்ணீரை வாரி இறைக்கிறார்கள், ஒவ்வொரு துளியிலும் வெயில். முந்தைய படத்திலிருந்து எதுவுமே மிச்சமில்லை, மொத்தமும் புதுசு. போதிய பிட் கொடுக்காவிட்டால் குளம் முழுக்கச் சதுரக் கட்டம் கட்டமாகிவிடும். ஓரத்தில் நிற்கும் பதினாறு மண்டபங்களில் பக்கத்திலிருந்த ஒன்றின் தூண் மட்டும் தெளிவாக நிற்கும், அது அசையவில்லை என்பதால்.

இதற்குத்தான் இரண்டு பாஸ் வைத்து மாற்றுவது. முதல் ஓட்டத்தில் மென்பொருள் முழுவதையும் பார்த்து எங்கே கஷ்டம், எங்கே சுலபம் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவது ஓட்டத்தில் தாத்தாவிடமிருந்து எடுத்துக் குளத்துக்குக் கொடுக்கும். சராசரி 5200தான், ஆனால் குளத்துக்கு 8000 வரை போகும். பழைய டெஸ்க்டாப்பில் ராத்திரி கடை சாத்தும்போது போட்டுவிட்டுப் போனால் காலையில் முடிந்திருக்கும். இன்னொன்று, இருட்டில் எடுத்த காட்சிகளில் புள்ளி புள்ளியாக ஓடுமே, அந்தப் புள்ளிகளும் பிட் தின்னும். மென்பொருளுக்கு அது புள்ளியா தண்ணீரா என்று தெரியாது. எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் இருக்கிற இரைச்சல் நீக்கும் வடிகட்டியை அந்த ராத்திரிக் காட்சிகளுக்கு மட்டும் லேசாகப் போட்டேன். அதிகம் போட்டால் முகத்தில் பவுடர் அப்பிய மாதிரி ஆகிவிடும்.

ஊஞ்சல் காட்சிக்கு வருகிறேன், ஏனென்றால் வீட்டு வீடியோவை டிஸ்க்காக்கும் பலர் கோட்டைவிடும் இடம் இது. பால் வீடியோவில் நொடிக்கு 25 படம் என்று சொல்வது பாதி உண்மை. ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாக எடுக்கப்படுகிறது, ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்தில். நொடிக்கு 50 பாதிகள். மினி டிவியில் கீழ்ப்பாதி, அதாவது இரட்டைப்படை வரிகள், முதலில் வரும். டிவிடி மென்பொருட்கள் பலவும் மேல்பாதி முதலில் என்று தாங்களாகவே எடுத்துக்கொள்ளும். அதைக் கவனித்து மாற்றாவிட்டால் காலம் முன்னும் பின்னுமாகக் குதிக்கும். உட்கார்ந்து பேசுகிற காட்சியில் தெரியவே தெரியாது. ஊஞ்சலில் தெரியும். குழந்தை முன்னால் வரும்போது ஒவ்வொரு கணமும் ஒரு இம்மி பின்னே போய் முன்னே வரும். பலகை நடுங்குகிற மாதிரி இருக்கும், சங்கிலி இரட்டையாகத் தெரியும். அதனால் எது செய்தாலும் முதலில் ஊஞ்சலை மட்டும் அரை நிமிடம் வெட்டி, டிவியில் போட்டுப் பார்த்துவிடுவது என் வழக்கம். கணினித் திரையில் பார்த்துப் பிரயோஜனமில்லை.

கணினித் திரையில் வேறொரு பயமும் வரும். அசைகிற இடத்திலெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். இரண்டு பாதிகளையும் ஒரே நேரத்தில் காட்டுவதால் வருவது அது, கோளாறு இல்லை. இதைப் பார்த்துப் பயந்து இரண்டு பாதிகளையும் ஒன்றாக்கும் டீஇன்டர்லேஸ் போட்டு, 50 கணத்தை 25 ஆகக் குறைத்துக்கொள்பவர்கள் உண்டு. அத்தை வீட்டில் இருப்பது 21 இஞ்ச் டியூப் டிவி. அது பாதி பாதியாகத்தான் வரைகிறது, அதற்கென்றே எடுத்த வீடியோ இது. அப்படியே விட்டால் ஊஞ்சல் வழுக்கிக்கொண்டு போகும்.

ஒலி பற்றிச் சுருக்கமாக. ஹேண்டிகேம்கள் வாங்கி வந்தபடியே இருந்தால் பெரும்பாலும் 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸில் பதியும். டிவிடிக்கு 48 வேண்டும், மாற்றிக்கொள்ளுங்கள். சுருக்காத பிசிஎம் ஒலி வைத்தால் நொடிக்கு 1536 கிலோபிட், இரண்டு மணி நேரத்தில் 1.4 ஜிபி அதற்கே போய்விடும். ஒலியைச் சுருக்கி வைக்கும் ஏசி-3 தான் வழி. எஃப்எஃப்எம்பெக்கில் டிவிடி இலக்கு என்று கொடுத்தால் தானாக 448 எடுத்துக்கொள்ளும். சினிமாவுக்குச் சரி. ஒரு சின்ன மைக்கில் பிடித்த மாமா குரலுக்கு 192 போதும். மிச்சம் இரண்டு மணி நேரத்துக்கு 230 எம்பி, அதைக் குளத்தில் கொட்டினேன். காற்று இரைச்சலை மட்டும் கொஞ்சம் குறைத்தேன். மாமாவின் கனைப்பை எடுக்கவில்லை.

இப்போது மெனு. இங்கேதான் என் தொழில் எனக்குக் கை கொடுத்தது. டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளில் செய்தேன். அதில் அழகழகான மெனு மாதிரிகள் வரும், பலூன், கேக், கிறிஸ்துமஸ் மரம். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு வெறும் பின்னணிப் படம் ஒன்றையும் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பட்டன்களையும் வைத்தேன். காரணம் தமிழ். மெனு போடுகிற பழைய மென்பொருட்கள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. 'கொலு' என்று அடித்தால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நடுவில் ஒரு புள்ளி வட்டம் வந்து உட்காரும். போட்டோஷாப்பில், பத்திரிகைக்கு அடிக்கிற அதே எழுத்துருவில் எழுதிப் படமாகவே கொடுத்துவிட்டால் எந்தத் தொல்லையும் இல்லை.

ஆனால் அச்சுக்கு வேலை செய்கிற கண் டிவிக்கு உதவாது. மெல்லிசான எழுத்து டியூப் டிவியில் துடிக்கும். ஒரு வரி உயரமே உள்ள படுக்கைக்கோடு, மேலே சொன்ன இரண்டு பாதிகளில் ஒன்றில்தான் இருக்கும் என்பதால் அணைந்து அணைந்து எரியும். எல்லாக் கோடும் தடிமனாக இருக்க வேண்டும். டியூப் டிவி நான்கு ஓரத்திலும் படத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும், அதனால் பக்கத்துக்குப் பத்து சதவீதம் ஒதுக்கிவிட்டுத்தான் எழுத்து. அப்புறம் டிவிடியின் புள்ளிகள் சதுரமில்லை. படம் 720க்கு 576, டிவியிலோ அது 4:3 ஆக விரியும். நேராக 720ல் வரைந்தால் வட்டம் முட்டையாகிவிடும். அத்தை போட்ட புள்ளிக்கோலம் ஒன்றைப் போட்டோ எடுத்துப் பின்னணியில் வைத்திருந்தேன். 768க்கு 576ல் செய்து கடைசியில் 720க்கு நெருக்கினால் டிவியில் கோலம் கோலமாக இருக்கும்.

எந்த வரி தேர்வாகியிருக்கிறது என்று காட்டும் அடையாளத்துக்கு டிவிடி கொடுப்பது மெனுவின் மேல் ஒரு தனி அடுக்கு, அதில் நான்கே நிறம், அவற்றில் ஒன்று தெரியாத நிறமாக இருந்தாக வேண்டும். நிழல், பளபளப்பு எதுவும் நடக்காது. எழுத்தையே நிறம் மாற்றினால் ஓரமெல்லாம் ரம்பம் ரம்பமாக வரும். ஆகவே எழுத்தைத் தொடாமல், இடப்பக்கம் ஒரு பெரிய பொட்டு. குங்குமச் சிவப்பு வைக்கத்தான் ஆசை, ஆனால் பிளேயரிலிருந்து டிவிக்கு மஞ்சள் கம்பி வழியாகப் போகும் படத்தில் சிவப்பு பக்கவாட்டில் கசியும். அதனால் மஞ்சள் பொட்டு. சோபாவிலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. அத்தைக்குக் கண்ணாடி தேடவேண்டிய அவசியமில்லை.

ஒரு பக்கத்தில் ஐந்து வரிக்கு மேல் வைக்கவில்லை. விதி 36 பட்டன் வரை அனுமதிக்கிறது, யாருக்கு வேண்டும்? எல்லாம் ஒரே நேர்க்கோட்டில், மேல் கீழ் அம்புக்குறி மட்டும். கடைசி வரியில் கீழே அழுத்தினால் முதல் வரிக்கு வர வேண்டும், இடது வலது அழுத்தினால் எங்கும் போகக் கூடாது. இதை ஒவ்வொரு பட்டனுக்கும் கையால் சரிபார்த்தேன். மென்பொருள் தானாகப் போட்டுக்கொடுக்கும் வழிகளை நம்பினால் பொட்டு எங்காவது போய் ஒளிந்துகொள்ளும். அசையும் சின்னப் படங்கள் வைத்த மெனு வேண்டாம் என்று விட்டதற்கு இடப்பற்றாக்குறை காரணமில்லை, அரை நிமிட மெனுவுக்கு 20 எம்பி சொச்சம்தான். அத்தை அதைப் பார்த்துவிட்டு "ஆரம்பிச்சுடுச்சுப்பா" என்று ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவார், அதுதான் காரணம். எதையும் அழுத்தாமல் ஒரு நிமிடம் இருந்தால் முதலிலிருந்து தானே ஓடும்படி வைத்திருக்கிறேன்.

டிவிடிக்குள் தலைப்பு வேறு, அத்தியாயம் வேறு. எல்லாவற்றையும் ஒரே தலைப்பாக்கி நடுவில் அத்தியாயக் குறி வைத்தால், தேரைத் தேர்ந்தெடுத்தவர் தேர் முடிந்ததும் காதுகுத்துக்குள் போய்விடுவார். தனித்தனித் தலைப்பாக்கினால் தேர் முடிந்ததும் மெனுவுக்குத் திரும்பும், ஆனால் முழுவதும் பார்க்க நினைத்தால் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். இரண்டும் வேண்டும் என்றால் வழி உண்டு. பிளேயருக்குள் பதினாறு சின்ன எண் பெட்டிகள் இருக்கின்றன. 'எல்லாம் தொடர்ந்து' என்ற பட்டனை அழுத்தினால் ஒன்றில் 1 என்று எழுதிவைக்கலாம். ஒவ்வொரு தலைப்பும் முடியும்போது அந்தப் பெட்டியைப் பார்த்து, 1 என்றால் அடுத்ததற்கு, இல்லையென்றால் மெனுவுக்கு. டிவிடிஸ்டைலரில் எல்லாவற்றையும் ஓட்டு என்று தயாராக ஒரு வசதி இருக்கிறது, உள்ளே நடப்பது இந்த மாதிரிக் கணக்குதான்.

இரண்டாவது டிஸ்க்கின் மெனுவில் கடைசி வரி, 'மாமா'. அதை அழுத்தினால் இன்னொரு பக்கம். யாரோ கேமராவை வாங்கி அவரை எடுத்த அந்தச் சில நிமிடங்கள் ஒன்று, வாழைத்தார் பேரம் ஒன்று, அங்கங்கே அவர் குரல் மட்டும் கேட்கிற துண்டுகளின் கோவை ஒன்று. அத்தை மகன் இதைப் பார்த்துவிட்டு யூடியூப் பேச்சை நிறுத்திவிட்டான்.

எழுதுவதற்கு முன், திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க் ஒன்றில் போட்டு அத்தை வீட்டுப் பிளேயரிலேயே ஓட்டிப் பார்த்தேன். இது ரொம்ப முக்கியம், கணினியில் ஓடுவதெல்லாம் பிளேயரில் ஓடாது. பிறகு நல்ல டிவிடி-ஆர். அட்டையில் 16 வேகம் என்று போட்டிருந்தாலும் 8ல் எழுதினேன், இம்க்பேர்ன் (ImgBurn) என்ற மென்பொருளில், எழுதியபின் சரிபார்க்கும் கட்டத்தையும் டிக் செய்து. டிஸ்க் மேல் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. சற்றே கோணலாக ஒட்டினாலும் சுழலும்போது ஆட்டம் கொடுக்கும், நாளானால் பசை வேறு. சிடி மார்க்கரில் நடுவளையத்தை ஒட்டி '1', '2' என்று மட்டும். கடைக்கு வருபவர்கள் சிலர் எம்பி4 கோப்பை இழுத்து டிஸ்க்கில் போட்டுவிட்டு "பிளேயர் எடுக்கல" என்பார்கள். பென் டிரைவ் மாதிரி எழுதிய டிஸ்க்கைப் பழைய பிளேயருக்குப் படிக்கவே தெரியாது. டிவிடி வீடியோ என்பது கோப்புகளின் ஒழுங்கு, அந்த ஒழுங்கில் இருந்தால்தான் பிளேயர் கண்ணைத் திறக்கும்.

நியூஜெர்சிக்கு டிஸ்க் அனுப்பவில்லை. நமக்கு பால் மாதிரி, அங்கே டிவி முறை என்டிஎஸ்சி (NTSC). நம்மூர் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் எடுத்துக்கொள்ளும், அங்குள்ளவை பல நம்முடையதைத் திருப்பித் தள்ளும். அவளுக்கு எம்பி4 தான். அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் பென் டிரைவ். வெட்டாத 200 ஜிபியும் இரண்டு ஹார்டு டிஸ்கில், ஒன்று என்னிடம், ஒன்று பெங்களூரில். பந்திக் காட்சி அதில் முழுசாக இருக்கிறது, கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு பை வந்திருக்கிறது, எல்லாம் விஎச்எஸ். விஎச்எஸ்ஸின் தெளிவே குறைவு என்பதால் 352க்கு 576 என்ற பாதி அகலத்தில் போட்டால் மூன்று மணி நேரம் ஒரே டிஸ்க்கில் மரியாதையாக அடங்கும், அது பிரச்சினை இல்லை. இரண்டு கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. அதை அப்படியே விசிஆரில் போட்டால் ஹெட்டும் போகும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் யாரிடமாவது இன்னும் ஓடுகிற விசிஆர் இருந்து, பூஞ்சை துடைக்கத் தெரிந்தவரும் இருந்தால் சொல்லுங்கள், கேசட்டை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.